மூடை எத்தனை கிலோ? நீங்க என்ன குடி?

கேள்வி: வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் வேலை, எனக்கு ஊர் வெளி மாவட்டம். "வேளாண்மை வெட்டி, சூடு வைத்த பிறகு கட்டுவேன்" என்கிறார் கடன் வாங்கிய ஒரு போடியார் (வயல்காரர்). எப்போது காசு வரும்?

பதில்: கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெல்தான் தம்பி. கத்தரி வைத்தவர் தோட்டம் செய்கிறார், வேளாண்மை செய்யவில்லை. வெட்டிய நெல் தாளைப் பிடிபிடியாக வயலில் காயக் கிடத்தினால் உப்பட்டி. காய்ந்ததை அள்ளி அடுக்கினால் சூடு. கதிர் உள்ளே, தாளின் அடி வெளியே வர வட்டமாக அடுக்கி, மழை வழிந்தோட உச்சியைக் கூராக முடிப்பார்கள். கதிர் வெளியே நீட்டினால் நெல் சூட்டிலேயே முளைவிடும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே வெக்கை ஏறி அரிசி மஞ்சளாகும். சூட்டைக் களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) அடித்து, பதர் போகத் தூற்றிக் குவித்தால்தான் பொலி. ஆகவே சூடு வைத்தவர் கையில் இன்னும் காசு இல்லை. வெட்டு மெசின் இறங்கிய வயலில் சூடே கிடையாது, அன்றைக்கே நெல் சாக்கில். "கையாலயா, மெசினாலயா?" என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை (அளக்கும் படியை) "லாபம்" என்று எண்ணினார்கள். கணக்குத் தப்பாதா?

பதில்: தப்பாது. லாபம்தான் ஒன்று, அடுத்தது இரண்டு. 'பெருகு' என்று பொருள்படும் பொலி நெற்குவியலுக்குப் பெயரானதும் நல்ல சொல்லோடு தொடங்கும் இதே மனசால்தான்.

கேள்வி: கல்முனையில் 100 மூடை பேசி எடுத்தேன், நிறை குறைகிறது. ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்று உடனே சொல்லாதீங்க. மூடை ஒரு நிறை இல்லை. 65 கிலோவும் மூடை, 70 கிலோவும் மூடை. நூறு மூடைக்கு 500 கிலோ வித்தியாசம். கிலோ 120 ரூபா என்று வைத்தால் 60,000 ரூபா. புசல் என்றால் கிட்டத்தட்ட 21 கிலோ, அதில் குழப்பமில்லை. இன்னொன்று, "பச்சை நெல்" என்றால் நிறம் இல்லை, காயாத நெல். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை காய்ந்த நெல்லுக்கு வைக்கும் அளவு 14 வீத ஈரப்பதம். பச்சையாக வாங்கிக் காயவைத்தாலும் நிறை இறங்கும். விலைக்கு முன் கிலோவையும் ஈரத்தையும் பேசுங்கள்.

கேள்வி: மீன் "கூறு 500" என்றால்?

பதில்: குவியலுக்கு விலை, கிலோவுக்கு இல்லை. கையால் கிளறி அடியைப் பாருங்கள். பெரியது மேலே இருக்கும், அது உலக வழக்கம்.

கேள்வி: அக்கரைப்பற்றில் பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை என்ன குடி?" என்றார்கள். அவர் குடிப்பதில்லை என்று அம்மா சத்தியம் செய்துவிட்டார்!

பதில்: அம்மா பாவம். அது தாய்வழிக் குலம். தாயின் குடியே பிள்ளைக்கும். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. ஒரே குடிக்குள் கல்யாணம் கட்டுவது முறையில்லை, அதனால்தான் முதலில் அதைக் கேட்டார்கள். குடிக்குள் வரும் கிளைக்கு வயிற்றுவார் என்று பெயர்.

கேள்வி: கோயில் அழைப்பிதழில் "வண்ணக்கர்". பெயின்ட் அடிப்பவரா?

பதில்: இல்லை, கோயில் நிர்வாகப் பொறுப்பாளர். சங்க காலத்தில் வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவர். காசு விசயம் அன்றும் இன்றும் அவர் கையில்.

கேள்வி: ஓட்டோக்காரருக்கு வழி சொன்னவர் "ஒள்ளுப்பம் போய்க் கிறுகுங்க, மறுகா கேளுங்க" என்றார்.

பதில்: கொஞ்சம் போய்த் திரும்புங்கள், பிறகு கேளுங்கள். எந்தப் பக்கம் கிறுகுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.