திறக்கத் தெரியாத கோப்புகள்

வணக்கம் சார்,

மூன்று வருடமாக என் ஆம்ப் மாடலரில் (கிட்டார் ஆம்ப் போல ஒலிக்கும் டிஜிட்டல் பெட்டி) கேப்சர், அதாவது ஆம்பின் ஒலிக்கு டிஜிட்டல் நகல், எடுத்துச் சேர்த்திருக்கிறேன். வேறு கம்பெனிக்கு மாறினால் ஒன்றுகூட உதவாது. கெம்பர் கோப்பு கெம்பரில்தான், டோன்எக்ஸ் கோப்பு டோன்எக்ஸில்தான். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஃபார்மேட் வராதா? நியூரல் ஆம்ப் மாடலர்தான் அதுவா?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

நானும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். என் மாடலர் பெட்டி செத்துப்போனபோது பேக்கப் கோப்பு பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் எதுவும் இல்லை.

நியூரல் ஆம்ப் மாடலரைச் சுருக்கித் தமிழில் எழுதினால் 'நாம்' என்று வரும், பெயர்ப்பொருத்தம் பரவாயில்லை. நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்து ஆம்பை நகலெடுக்கும் மென்பொருள் அது. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய அதன் நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு நாம் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். 'வேவ்நெட்' என்பது போல நெட்வொர்க்கின் பெயர், சாம்பிள் ரேட் 48000, மற்றபடி ஆயிரக்கணக்கில் தசம எண்கள். அந்த எண்கள்தான் உங்கள் ஆம்ப். பூட்டு கிடையாது.

ஆனால் திறந்த மூலம் வேறு, தரநிலை வேறு. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983-இல் வந்த மிடி, போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட வரையறை. நாமுக்கு அப்படி ஒன்றில்லை. நிரல் எப்படிப் படிக்கிறதோ அதுவே வரையறை. நாளை புது வகை நெட்வொர்க் வந்தால் பழைய பிளேயர் முழிக்கும். ஸ்பீக்கர் கேபினெட்டின் ஐஆர் (அதன் ஒலித்தன்மையின் பதிவு) மட்டும் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. அது வெறும் வேவ் (WAV) ஒலிக்கோப்பு, எங்கும் ஓடும்.

குமிழ் திருப்பினால் அசல் ஆம்ப் மாதிரியே மாறும் மாடலைக் கம்பெனி தன் உழைப்பில் செய்கிறது. அதைப் பூட்டி வைத்தால் எனக்குக் கோபமில்லை. கேப்சர் அப்படியல்ல. ஆம்ப் உங்களுடையது, நேரம் உங்களுடையது, சாவி மட்டும் அவர்களிடம்!

பழைய பெட்டியை விற்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நாமின் சோதனை ஒலியை அந்தப் பெட்டியில் உள்ள கேப்சர் வழியே அனுப்பி, வெளிவருவதைப் பதிந்து, அதைக் கொண்டு புது மாடல் பயிற்றுவியுங்கள். குமிழ்கள் வராது, அந்த ஒரு நிலை மட்டும் வரும். எல்லாவற்றுக்கும் மெனக்கெட வேண்டாம். நிஜமாக வாசிக்கும் ஐந்தாறு போதும். பதியும்போது எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நான் ரிவெர்பை மறந்துவிட்டு, பயிற்சி ஏன் தேறவில்லை என்று ஒரு மாலை முழுக்கக் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.