“நான் கெட்ட பையன்தானேம்மா?”

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

குடியாத்தம் பக்கம் இருக்கிறோம். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். கணவர் பெங்களூரில், வாரக் கடைசியில் வருவார். மகனுக்கு எட்டு வயது, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஒரு வருஷமாகக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறான். போன வாரம் டீச்சர் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதும் புத்தகத்தைக் கிழித்துவிட்டு, பக்கத்துப் பையனைக் கடித்துவிட்டான். கேரமில் தோற்றால் போர்டையே கவிழ்க்கிறான். சிரசுத் திருவிழாவுக்கு வந்த என் தம்பி, “இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறியா?” என்று சிரித்ததற்கு, அவன் செல்போனைச் சுவரில் அடித்தான். கணவர் பெல்ட்டை எடுக்கிறார். அழுது முடித்ததும் என்னிடம் வந்து, “நான் கெட்ட பையன்தானேம்மா?” என்கிறான். மாமியார் தாயத்துக் கட்டிவிட்டார். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பாகாயம் மனநல மருத்துவமனைக்குப் போகலாமா என்றால், ஊர் பேசும், மருந்து கொடுத்து மந்தமாக்கிவிடுவார்கள் என்கிறார் நாத்தனார். என்ன செய்வது?

— ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

பாகாயம் போங்கள். அங்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலத் துறையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். போவதற்கு முன் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் எழுதிய மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். வகுப்பில், கேரமில், மாமா முன்னால் என்று மூன்றிலும் அவன் பிறர் பார்க்கத் தோற்றிருக்கிறான். அந்த அவமானத்தைத் தாங்கும் பக்குவம் அவனுக்கு இன்னும் வரவில்லை. அதனால் அது கோபமாக வெளியே வருகிறது என்பது என் ஊகம். அதில் இரண்டு வாசிப்பைத் தொட்டவை. ஆகவே கண், காது, வாசிப்புத் திறன் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே ஹாஃப்மன், ரைஸ், ப்ரவுட் என்ற மூவர் 2016-இல் ஒரு சிகிச்சை முறையைக் கையேடாக வெளியிட்டார்கள். குழந்தையோடு 16 அமர்வுகள், பெற்றோரோடு 4. பெரும்பாலும் விளையாட்டுதான். பிள்ளை ஆட்டத்தைக் கலைத்தால் சிகிச்சையாளர் அதட்டமாட்டார். தோற்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, அதை மறைக்கத்தானே கலைத்தான் என்று மெல்ல மெல்லப் புரியவைப்பார். வலியைச் சொல்ல முடிகிற பிள்ளைக்கு வீசி எறியும் தேவை குறையும். இதே முறை இங்கே கிடைக்காமல் போகலாம். விளையாட்டு வழிச் சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். அதோடு பெற்றோர் பயிற்சியும் கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களுக்கு நீண்டகால ஆய்வு ஆதாரம் அதற்குத்தான் அதிகம். உங்கள் கணவரும் வரவேண்டும், ஒரு நாள் லீவு போட்டாவது.

அந்த பெல்ட் இன்றோடு நிற்கட்டும். ஏற்கெனவே தன்னைக் கெட்டவன் என்று நம்பத் தொடங்கிய பிள்ளைக்கு ஒவ்வொரு அடியும் அதை உறுதிப்படுத்துகிறது. அவன் கத்தும்போது புத்தி சொல்லாதீர்கள், அப்போது காதில் ஏறாது. பக்கத்தில் இருங்கள், தங்கச்சி தம்பி இருந்தால் தள்ளி உட்கார வையுங்கள், வீசக்கூடிய பொருளை எடுத்துவிடுங்கள். அடங்கிய பிறகு, “எல்லாரும் பார்த்தது கஷ்டமா இருந்துச்சா?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம், தோற்றும் போர்டைக் கவிழ்க்காத நாள் ஒன்று வரும். அன்று அதே நிமிஷத்தில் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். “நல்ல பையன்” என்று பொதுவாகச் சொல்வது போதாது. “தோத்தும் காயை நீயே அடுக்கினியே” என்று சொல்லுங்கள்.

அவன் மறுபடி “நான் கெட்ட பையன்தானே?” என்றால், “இல்லடா, கடிச்சது தப்பு, நீ கெட்டவன் இல்ல” என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள்.

டி.சி.க்குச் சம்மதிக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. தலைமையாசிரியரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கியதும் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லவேண்டாம் என்று கேளுங்கள்.

மருந்து? வெறும் கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் முதல் சிகிச்சை மருந்து இல்லை. கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்திருந்தால் மருத்துவர் மருந்து சொல்லலாம். அப்படிச் சொன்னால் எதற்கு, எவ்வளவு நாள், என்ன பக்கவிளைவு என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.