புலமைப்பரிசிலில் ஏழு பேரில் ஒருவர்தான் சித்தி: பிள்ளையை ரவுண் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகும் ஊர் எங்களுடையது. தரம் 5 வரைக்கும் உள்ள அரச பாடசாலை, மொத்தம் 43 பிள்ளைகள். இந்த முறை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய 7 பேரில் ஒருவர்தான் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தார். 'இங்கே படிப்பில்லை' என்று அயலில் பலர் பிள்ளைகளை ரவுண் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். என் மகள் இப்போது தரம் 3. நானும் மாற்றட்டுமா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். 7 பேரில் ஒருவர் என்றால் 14 வீதம். 2024 பரீட்சையில் நாடு முழுவதிலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களே 100 பேரில் ஏறத்தாழ 16 பேர்தான். உங்கள் ஊர்ப் பள்ளி அதற்கு வெகு கீழே நிற்கவில்லை. அடுத்த வருடம் இரண்டு பேர் எடுத்தால் 29 வீதம் என்று பாராட்டுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டால் பூச்சியம் என்று ஏசுவார்கள். இரண்டிலும் கற்பித்தல் ஒன்றேதான். சின்னப் பள்ளியை ஒரு வருடப் பெறுபேற்றால் எடைபோடவே கூடாது. ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அதிலும் 2024, 2025 வருடங்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பாருங்கள். 2024இல் தரம் 5இல் இருந்தவர்கள் 2020இல் தரம் 1க்குப் போனவர்கள். போன கையோடு மார்ச்சில் கொரோனாவால் பள்ளி பூட்டுப்பட்டது. அடுத்த வருடம் சேர்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் அதே கதைதான். இணையவழி வகுப்பென்றார்கள், சிக்னலுக்காக மரத்தடி தேடிய ஊர்களில் அ, ஆ படிக்க வேண்டிய காலமே போய்விட்டது.

வெட்டுப்புள்ளியைச் சித்தி எல்லை என்று எடுக்கவும் வேண்டாம். 200 புள்ளிக்கு நடக்கும் பரீட்சையில் மாவட்டத்துக்கு மாவட்டம் அது மாறும். இத்தனை பேரைத்தான் தெரிய வேண்டும் என்று வெட்டும் கோடு அது. அதிபரிடம் '70 புள்ளிக்கு மேல் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். அடிப்படை பிடிபட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அதுதான் காட்டும். 7 பேரில் 6 பேர் 70ஐத் தாண்டியிருந்தால் அந்த ஆசிரியரைக் கும்பிடலாம். மூன்று பேர்தான் என்றால் கவலைப்பட நியாயம் உண்டு.

இனி, வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு வருவோம். வன்னிப் பள்ளிகளில் அதிகம் பேசப்படாத விசயம் இது. தரம் 3 முடிய, மோட்டார் சைக்கிள் உள்ள வீட்டுப் பிள்ளைகள், உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் யாராவது பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் ரவுணுக்குப் போய்விடுவார்கள். தாய் வெளிநாட்டில், அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளை. தகப்பன் இல்லாமல் தாய் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை. கடற்தொழிலுக்காகப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் குடும்பத்துப் பிள்ளை. இவர்கள்தான் தரம் 5 வரைக்கும் மிஞ்சுவார்கள். விதைநெல்லைத் தெரிந்து அள்ளிக்கொண்டு போய்விட்டு, மிச்சத்தை விதைத்த வயலைக் குறை சொல்வது போலத்தான் இது. ரவுண் பள்ளியின் 30, 40 சித்தியில் உங்கள் ஊரில் தரம் 3 வரை வளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். அங்கே அவர்களோடு படித்துச் சித்தியடையாதவர்கள் எத்தனை பேர் என்று பதாகையில் யாரும் போடுவதில்லை.

ஆகவே உங்கள் மகளைப் பாருங்கள். தரம் 3 தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் படிப்பிக்காத பக்கம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். படிப்பித்த பக்கம் வேண்டாம். அதைப் பிள்ளைகள் பார்க்காமலே ராகத்தோடு ஒப்புவிக்கும். பிறகு 52இல் இருந்து 27ஐக் கழிக்கக் கொடுங்கள். 35 என்று எழுதினால், 2இல் இருந்து 7 போகாது என்றதும் 7இல் இருந்து 2ஐக் கழித்திருக்கிறாள். பத்தைக் கடன் வாங்குவது விளங்கவில்லை. இதை எந்தப் பள்ளியிலும் யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். 7 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம்; 40 பேர் உள்ள வகுப்பில் கொப்பியைத் திருத்திச் சரி, பிழை போடவே நேரம் போய்விடும்.

மாற்றத்தான் வேண்டிய நிலையும் உண்டு. தரம் 4ஐயும் 5ஐயும் ஒரே ஆசிரியர் ஒரே மண்டபத்தில் பார்க்கிறாரா, இடமாற்றத்தில் போனவருக்குப் பதிலாள் தவணைக்கணக்கில் வரவில்லையா, வெள்ளிக்கிழமை என்றால் பஸ்ஸைச் சாட்டிப் பத்தரைக்கே வகுப்பு வெறிச்சோடுகிறதா? இவற்றைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு தவணை பொறுத்தும் ஆள் வராவிட்டால் மாற்றுங்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

ஆசிரியர் ஒழுங்காக வருகிறார், மகளும் வாசிக்கிறாள் என்றால் தரம் 5 முடியும் வரை அங்கேயே விடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை 7.30 பள்ளிக்காக இருட்டோடு எழும்பி, மார்கழி மழையில் பஸ்ஸுக்கு நின்று, பின்னேரம் ரியூசனும் முடித்து வந்தால் வீட்டில் ஒரு பக்கம் வாசிக்கக்கூடத் தெம்பிருக்காது. யானை இறங்கும் ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மாற்றுவதாக முடிவெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: புதிய பள்ளி அதிபர் இடமுண்டு என்று எழுத்தில் தராமல் இங்கே விடுகைப்பத்திரம் வாங்க வேண்டாம். வாய்ச்சொல்லை நம்பி வாங்கினால் அங்கே வகுப்பு நிரம்பிவிட்டது என்பார்கள், இங்கே பெயர் வெட்டுப்பட்டிருக்கும், பிள்ளை வீட்டில் நிற்கும்.