பழைய டிரக் என்ஜினுக்குப் பெரிய கார்புரேட்டர் போட்டால் இழுவை கூடுமா? ட்யூனிங் எப்படிச் செய்வது?

கூடும், ஆனால் "பெரிய" என்பதை எண்ணில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கி ஒரு குளிர்காலத்தைத் தொலைத்தவன்.

டென்வரில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1978 ஃபோர்டு எஃப்-150. 300 கன அங்குல, வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள என்ஜின். 1965-இல் வந்து 1996 வரை ஓடிய வகை. சாகவே சாகாது என்பார்கள். கம்பெனி போட்டுக் கொடுத்தது ஒற்றைத் தொண்டை (காற்று போகும் வழி ஒன்றே உள்ள) கார்ட்டர் ஒய்எஃப் கார்புரேட்டர். மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சரி, நான்கு தொண்டை உள்ள 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று விடும்) கார்புரேட்டர் ஒன்று பழையதாகக் கிடைத்ததே என்று, அலுமினிய மேனிஃபோல்டும் (கலவையை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) ஸ்டீல் ஹெடரும் (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) சேர்த்து மாட்டினேன்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி முதலில் அப்படியே அமுங்கும், ஒரு நொடி கழித்துத்தான் கிளம்பும். காரணம் எளிது. வென்சூரி, அதாவது தொண்டையின் குறுகலான பகுதி வழியாகக் காற்று வேகமாகப் போனால்தான் பெட்ரோலை உறிஞ்சும். தொண்டை அகலமானால் காற்று மெதுவாகப் போகிறது, பெட்ரோல் வரமாட்டேன் என்கிறது. போதாக்குறைக்கு, பழைய இரும்பு மேனிஃபோல்டு எக்ஸாஸ்ட் மேல் உட்கார்ந்து சூடாகும். நான் அந்தச் சூட்டையும் கழற்றிவிட்டேன். ஜனவரி குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதே ஒரு வேண்டுதல் ஆகிவிட்டது.

கணக்கு இதுதான்: கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால், என்ஜினுக்கு எத்தனை சிஎஃப்எம் வேண்டும் என்று வரும். எனக்கு 300 × 4000 ÷ 3456, அதாவது சுமார் 347. பழைய என்ஜின் அதில் 80 சதவீதம் இழுத்தாலே பெரிது என்று வைத்தால் 278. நான் 600 மாட்டியிருக்கிறேன்!

பழைய மேனிஃபோல்டையே திரும்பப் போட்டு, உடைப்புக் கடையில் இரட்டைத் தொண்டை மோட்டார்கிராஃப்ட் 2100 ஒன்றைப் பிடித்தேன். இதன் ஃப்ளோட் கிண்ணத்தின் (பெட்ரோல் தேங்கும் இடம்) பக்கவாட்டில் வட்டத்துக்குள் ஓர் எண் வார்த்திருக்கும், அதுதான் வென்சூரி அளவு. 1.08 என்றால் 287 சிஎஃப்எம், 1.14 என்றால் 300, 1.21 என்றால் 351. நான் எடுத்தது 1.08. ரிப்பேர் கிட், அடாப்டர் பிளேட், கேஸ்கெட் வாங்கி மாட்டியாயிற்று.

ட்யூனிங்குக்கு வருவோம். கார்புரேட்டரைத் தொடும் முன் பிளக், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) இரண்டையும் முடித்துவிடுங்கள். "கார்புரேட்டர் மக்கர்" என்று சொல்லப்படுவதில் பாதி இக்னிஷன் கோளாறுதான். அப்புறம் ஐட்லிங் ஓடும்போது கேஸ்கெட் ஓரங்களில் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பாருங்கள் (எக்ஸாஸ்ட் சூடாக இருந்தால் வேண்டாம், தீப்பிடிக்கும்). என்ஜின் சத்தம் மாறினால் அங்கே ஏர் பிடிக்கிறது, அதாவது வெளிக்காற்று உள்ளே கசிகிறது. எனக்கு அடாப்டருக்கு அடியில் பிடித்தது. அதைச் சரிசெய்யாமல் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்திருந்தால் இன்றும் திருகிக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா புல்லட்டுக்குக் காதை வைத்தே ஸ்லோ ஸ்பீடு செட் செய்வார். எனக்கு அந்தக் காது இல்லை, அதனால் வேக்குவம் கேஜ் (மேனிஃபோல்டுக்குள் என்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று முள்ளால் காட்டும் மீட்டர்). ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு மிக்ஸர் ஸ்க்ரூவையும் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஒவ்வொன்றையும் கால் சுற்றாகத் திருப்பி, முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். முள் ஏறும்போது ஆர்பிஎம்மும் ஏறும். அதைக் குறைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று பாருங்கள்.

இங்கேதான் எனக்கு இன்னொரு அடி. புத்தகத்தில் வேக்குவம் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவில்) என்று போட்டிருக்கிறது, எனக்கு 14-ஐத் தாண்டவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்?" என்றார். 5,280 அடி. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழியும். என் 14, கடல் மட்டத்தில் 19!

அதே உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். பிளக் கரி பிடித்துக் கருப்பாக இருந்தது. மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு) இரண்டு எண் கீழே இறக்கியதும் வெளிர்பழுப்புக்கு வந்தது.

மிதிக்கும்போது இன்னும் லேசாக அமுங்கினால் ஆக்ஸிலேட்டர் பம்ப்பை (மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) பாருங்கள். என்ஜினை நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்து, கையால் த்ராட்டிலைத் திறந்தால் உடனே இரண்டு மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எனக்கு ஒன்று மட்டும் சொட்டியது. கம்ப்ரெஸர் காற்றை ஊதியதும் அடைப்பு போயிற்று.

இப்போது மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுக்கிறது. மைலேஜ் கூடவில்லை, அதை எதிர்பார்த்து மாற்றாதீர்கள். கழற்றிய ஜெட் இரண்டும் டேஷ்போர்டில் ஒரு மாத்திரை டப்பாவில் கிடக்கின்றன. கடற்கரைப் பக்கம் வண்டியை இறக்கினால் அங்கே காற்று அடர்த்தி, இந்தச் சின்ன ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் போதாமல் வால்வு கருகும். திரும்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.