பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இருந்தால் மகளுக்கு வருமா?

வணக்கம் சகோதரி. உங்களுக்கும் கணவருக்கும் 40 வயதுக்கு முன்பே இரண்டாம் வகை நீரிழிவு வந்துவிட்டதால், 14 வயது மகளுக்கும் அது வருவது உறுதியா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதி இல்லை, ஆனால் வாய்ப்பு அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு என்றும், இருவருக்கும் இருந்தால் 70 விழுக்காடு வரை என்றும் மதிப்பிடுகிறார்கள்.

மகளின் பின்கழுத்தில், தேய்த்துக் குளித்தாலும் போகாத கருமை படர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். அந்த இடம் தொட்டால் வெல்வெட்டைப் போலத் தடித்திருந்தால், அது அழுக்கன்று, உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். ஆகவே அவளைக் கடிந்துகொள்ளாமல், குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, வெறும்வயிற்றுச் சர்க்கரையையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் பார்த்துவிடுங்கள்.

வெறும்வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அது நோய்க்கு முந்தைய நிலை. அங்கிருந்து திரும்ப வழி உண்டு. சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வொன்றில், அத்தகைய நிலையிலிருந்த பெரியவர்கள் உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்தபோது, நோய் வரும் வாய்ப்பு 28 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம். இரவில் மூவரும் ஒன்றையே உண்டு, மாலையில் சேர்ந்தே நடங்கள்.