வெளுத்த வானத்துக்குப் புது லென்ஸ் எதற்கு?

கேள்வி: கேமராவோடு வந்த லென்ஸைத்தான் வைத்திருக்கிறேன். போன டிசம்பரில் உம்லாங்கா கடற்கரையில் நடுப்பகலில் எடுத்த படங்களில் வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது, அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது. கடையில் விலை கூடிய லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போகிறோம். வாங்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: வேண்டாம். குறை லென்ஸில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. டிசம்பர் உச்சிவேளையில் டர்பனில் சூரியன் ஏறக்குறைய 83 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கும். என்ன விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அந்த வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில்தான் விழும். அதே இடத்துக்குக் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். நமக்குக் கிழக்கே கடல் என்பதால் தாழ்ந்த வெயில் நேராக முகத்தில் வந்து விழும். நடுப்பகலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் அம்மாவை வராந்தா நிழலின் ஓரத்தில், வெளியே பார்த்தபடி உட்கார வையுங்கள்.

மலைக்கும் இதே கணக்குத்தான். டிராக்கன்ஸ்பர்க்கில் ராயல் நேட்டல் பூங்காவிலிருந்து தெரியும் ஆம்பிதியேட்டர் பாறைச்சுவருக்குக் காலையில்தான் வெயில் கிடைக்கும். மாலையில் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிடும். முதல் நாளே போய்த் தங்குவது நல்லது.

அப்புறம், வைட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை, ஆட்டோவிலிருந்து எடுத்து, சூரியன் படம் போட்ட இடத்தில் வையுங்கள். ஆட்டோவில் இருந்தால் விடியல் வெளிச்சத்தின் மஞ்சளைக் கேமரா குறைத்துவிடும். என் மருமகள் விடியற்காலையில் எடுத்த காவடிப் படங்களில் மஞ்சள் சேலையெல்லாம் மோர் நிறத்தில் வந்தது இதனால்தான்.

இவ்வளவும் செய்த பிறகு ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் ஒரு போலரைசர் ஃபில்டர் போதும். லென்ஸின் முன்னால் திருகி, வளையத்தைச் சுற்றினால் ஈர இலையின் பளபளப்பும் தண்ணீரின் மினுக்கமும் அடங்கும், நீல வானம் ஆழ்ந்த நீலமாகும். வெயில் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் வானத்தில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். சூரியன் நேர் எதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது. மேகம் மூடிய வானத்தையும் இது நீலமாக்காது. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இதுவே விழுங்கிவிடும். அதனால் இருட்டத் தொடங்கினால் கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போது ‘சர்குலர்’ என்று கேளுங்கள்; அது வடிவமல்ல, போலரைசரின் ஒரு வகை. லென்ஸ் மூடியின் உட்புறத்தில் 55, 58 என்று ஓர் எண் இருக்கும், அதுதான் ஃபில்டரின் அளவு. கடையிலிருக்கும் கால்குலேட்டரை வாங்கி, ஃபில்டரின் மரை உள்ள பக்கம் உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி பிடித்து, அதன் வழியே திரையைப் பார்த்தபடி சுற்றுங்கள். ஓர் இடத்தில் எண்கள் தெரியாத அளவுக்குத் திரை இருண்டுவிட வேண்டும். இருளவே இல்லையென்றால் அது வெறும் சாயக் கண்ணாடி. பிறகு வெள்ளை பில் தாளின் மேல் வையுங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் சரி, பச்சையோ மஞ்சளோ அடித்தால் வேண்டாம். கூடவே ஒரு யூவி ஃபில்டரையும் தள்ளப் பார்ப்பார்கள். டிஜிட்டல் கேமராவில் அது கீறல் விழாமல் காக்கும், நிறத்துக்கு ஒன்றும் செய்யாது.

கடையில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பது உங்கள் விருப்பம், கடைக்காரர் முடிவு செய்வதல்ல. நம் நாட்டு இணையக் கடையில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. நேரில் வாங்கும்போது, “என் 58 லென்ஸுக்கு, வானம் நீலமாக வர வேண்டும்” என்று வாய்விட்டுச் சொல்லி, அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் பொருந்தும் என்று சொல்லி அவர்கள் விற்ற பொருள் பொருந்தாமல் போனால், பத்து வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.