தட்டில் எது முதலில்? யூத முதியவருக்குச் சாப்பாடு எடுத்து வைப்பவர்களுக்கு

கேள்வி: இஸ்ரேலில் நெத்தன்யா நகரில் 86 வயது யூத முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எதை வாயில் வைக்கும்முன்னும் ஏதோ முணுமுணுக்கிறார். வாழைப்பழத்துக்கு ஒன்று, ஆப்பிளுக்கு வேறொன்று. இப்போதெல்லாம் மறதி. "இது எதில் செய்தது?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு ஆறிப்போகிறது. மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தாலும் தயங்குகிறார். நான் எப்படி உதவலாம்?

பதில்: அவர் சொல்வதற்கு எபிரேயத்தில் 'பெராகா' என்று பெயர். உணவுக்கு ஆசி கொடுப்பதல்ல அது. உணவைப் படைத்தவரைப் போற்றுவது. அதைச் சொல்லாமல் இந்த உலகத்தில் எதை அனுபவித்தாலும் கோயில் பொருளைக் கையாண்ட குற்றம் என்கிறது தால்முத் என்ற பண்டைய யூதச் சட்ட விவாத நூல். 'பூமி ஆண்டவருடையது' என்று வேதத்திலுள்ள ஒரு சங்கீதம் (துதிப்பாடல்) சொல்ல, 'பூமியை மனிதருக்குக் கொடுத்தார்' என்று இன்னொரு சங்கீதம் சொல்கிறதே என்று கேள்வி எழுப்பி, முதலாவது பெராகாவுக்கு முன், இரண்டாவது பெராகாவுக்குப் பின் என்று அங்கேயே பதிலும் சொல்லப்படுகிறது. பசித்தாலும் அவர் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு பருக்கை, தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் என்றாலும் பெராகா உண்டு.

எல்லாப் பெராகாவும் 'பாருக் அத்தா' என்று தொடங்கி 'மெலெக் ஹா-ஓலாம்' வரை ஒரே மாதிரி போகும். அதற்குப் பிறகு வரும் வால்தான் மாறும். உணவுக்கு ஆறு வால்கள். ரொட்டிக்கு 'ஹமோட்ஸி'. ரொட்டியல்லாத தானியப் பண்டங்களுக்கு 'மெஸோனோத்'. திராட்சை மதுவுக்கும் திராட்சைச் சாற்றுக்கும் 'ஹகாஃபென்'. மரத்துப் பழங்களுக்கு 'ஹா-எட்ஸ்'. மண்ணில் விளையும் மற்றவற்றுக்கு 'ஹா-அதமா'. மீதி எல்லாவற்றுக்கும் 'ஷெஹகோல்': தண்ணீர், பால், காப்பி, இறைச்சி, மீன், முட்டை, திராட்சை தவிர்த்த பழச்சாறுகள். காளானும் இதில்தான் சேரும். மண்ணின் மேல் முளைத்தாலும் மண்ணிலிருந்து உணவை எடுப்பதில்லை என்று பண்டைய ரபிகள் (யூத மத அறிஞர்கள்) பிரித்தார்கள்.

ஆக, பண்டத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் அவருக்குப் போதாது. எதில் விளைந்தது, இப்போது என்ன உருவில் இருக்கிறது, இரண்டும் தெரிய வேண்டும். தட்டை வைக்கும்போதே "இது கோதுமை ரவை", "இது அரிசி" என்று சொல்லிவிடுங்கள். பாதிக் காத்திருப்பு அதிலேயே தீரும்.

வாழைப்பழத்துக்கு ஏன் ஹா-எட்ஸ் இல்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். பழத்தைப் பறித்த பின்பும் அதே கிளை நின்று மறுபடி காய்த்தால் அது மரம் என்பது தால்முத் வைத்த சோதனை. வாழையில் குலையை வெட்டினால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. அடுத்த குலையைக் கன்றுதான் தள்ளும். அதனால் ஹா-அதமா. அன்னாசி, தர்ப்பூசணி, ஸ்ட்ராபெர்ரி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் அதே கணக்கு. மாம்பழம், ஆரஞ்சு, பாதாம், தேங்காய்க்கு ஹா-எட்ஸ். ஆனால் இளநீருக்கு ஷெஹகோல். பப்பாளி மரமா இல்லையா என்று ரபிகள் நிறையவே வாதாடியிருக்கிறார்கள். வழக்கத்தில் பெரும்பாலோர் ஹா-அதமா சொல்கிறார்கள்.

கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களில் சேராவிட்டாலும் சோற்றுக்கு மெஸோனோத் உண்டு. சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோற்றில் சோறுதான் பிரதானம் என்பதால் ஒரே பெராகா போதும். இட்லி, தோசையில் உளுந்தைவிட அரிசி மிகுதி, ஆகவே மெஸோனோத். ரவை உப்புமா, சேமியா பாயசமும் மெஸோனோத். கல்லில் சுட்ட சப்பாத்தியும் பீட்டாவும் ரொட்டிக் கணக்கு. எண்ணெயில் பொரித்த பூரி பொதுவாக மெஸோனோத்.

வயதானவர் என்பதால் நீங்கள் மசித்துக் கொடுக்க நேரும். சிக்கல் வருவது இங்கேதான். 1565-இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் ஆருக்' என்ற சட்டத் தொகுப்பு, பழத்தை நசுக்கினாலும் பழைய பெராகாவே என்கிறது. அதற்குக் குறிப்பு எழுதிய கிராக்கோவ் ரபி, உருவே தெரியாமல் கூழானால் ஷெஹகோல் சொல்வது நல்லது என்கிறார். செஃபார்தி (ஸ்பெயின், வட ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு வழி வந்த) குடும்பங்கள் முதல் கருத்தை ஒட்டியும், அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த) குடும்பங்கள் இரண்டாவது கருத்தை ஒட்டியும் நடப்பது வழக்கம். உங்கள் வீடு எந்த வழி என்று அவருடைய மகனிடமோ மகளிடமோ ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முட்கரண்டியால் லேசாக மசித்து, கட்டி கட்டியாகத் தெரிகிற மாதிரி கொடுக்க முடிந்தால் இந்தக் குழப்பமே வராது. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இது பொருந்தாது. அங்கே மருத்துவர் சொன்ன பதம்தான்.

பல பண்டங்கள் ஒன்றாக இருந்தால் வரிசை உண்டு: மெஸோனோத், ஹகாஃபென், ஹா-எட்ஸ், ஹா-அதமா, கடைசியில் ஷெஹகோல். மாம்பழமும் வாழைப்பழமும் சேர்ந்து இருந்தால் மாம்பழத்தை அவர் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். உரிப்பது, நறுக்குவது, பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். பெராகாவுக்கும் முதல் வாய்க்கும் நடுவே பேச்சு கூடாது. அந்தச் சில நொடிகளில் "தாத்தா, சூடு சரியா?" என்று கேட்டுவிடாதீர்கள். மரியாதைக்காகப் பதில் சொல்ல நினைப்பார், சொல்லவும் முடியாமல் தவிப்பார்.

ரொட்டியோடு சாப்பிட்டால் ஹமோட்ஸி ஒன்றே அந்தச் சாப்பாட்டில் வரும் குழம்பு, காய்கறி எல்லாவற்றையும் மூடிவிடும். மதுவும் கடைசியில் வரும் பழமும் தனி. ரொட்டிக்கு முன் கை கழுவும் சடங்கு உண்டு. குழாயில் நேராகக் கழுவுவதில்லை. விளிம்பு உடையாத, ஓட்டையில்லாத, குறைந்தது 86 மி.லி. (சிலர் கணக்கில் 150 மி.லி.) கொள்ளும் குவளையால் மணிக்கட்டு வரை ஒவ்வொரு கையிலும் இரண்டு முறை ஊற்ற வேண்டும், வலக்கை முதலில். மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்கு ஒரு பேசினை ஏந்தி நீங்களே ஊற்றலாம். யூதரல்லாதவர் ஊற்றினாலும் செல்லும் என்று சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. துடைப்பதற்குமுன் அதற்குரிய பெராகா. பிறகு ரொட்டியைக் கடிக்கும்வரை மௌனம்.

மாத்திரை விஷயம் எளிது. தண்ணீருக்குப் பெராகா தாகத்துக்காகக் குடித்தால்தான். மாத்திரையை இறக்க மட்டும் ஒரு வாய் என்றால் தேவையில்லை. அதையே ஜூஸில் கொடுத்தால் ருசி இருப்பதால் ஷெஹகோல் வந்துவிடும். மாத்திரை நேரத்தில் வெறும் தண்ணீரே கொடுங்கள்.

அவர் தடுமாறினால் வாலை மட்டும் நினைவூட்டுங்கள்: "ஹா-எட்ஸ், தாத்தா." முழு வாக்கியத்தையும் நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். அதில் இறைவன் பெயர் வருகிறது. அவர்களே அதைச் சும்மா உச்சரிக்க மாட்டார்கள், பேச்சில் 'ஹஷேம்' என்றுதான் சொல்வார்கள்.

தப்பாகச் சொல்லிவிட்டால் பதற வேண்டியதில்லை. மரத்துப் பழத்துக்கு ஹா-அதமா சொன்னால் செல்லும், மரமும் மண்ணில்தானே நிற்கிறது. மண்ணில் விளைந்த காய்க்கு ஹா-எட்ஸ் சொன்னால் செல்லாது. எதற்கும் ஷெஹகோல் சொல்லிவிட்டால், சொன்ன பிறகு அது செல்லும். சொன்னோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்வதில்லை. "சொல்லிவிட்டீர்கள்" என்று நீங்கள் கண்டதை உறுதியாகச் சொன்னால் அவருக்குப் பெரிய ஆறுதல்.

வாயில் போட்ட பிறகு நினைவு வந்தால், துப்பினாலும் கெடாத பண்டத்தை வெளியே எடுத்துச் சொல்ல வேண்டும், மென்று குழைந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்ல வேண்டும் என்பது விதி. புரையேறும் வழக்கம் உள்ள முதியவருக்கு இந்த இரண்டாவது வழி ஆபத்தானது. "முதலில் விழுங்குங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த வாய்க்குப் பெராகா சொல்லிக்கொள்ளலாம். உயிர்க்காப்பு இந்தச் சட்டங்களுக்கு மேலானது என்பது அவருக்கே தெரியும்.

சாப்பிட்ட பிறகு சொல்லும் பெராகா வேறு, அதற்கு அளவும் உண்டு. திட உணவு ஒரு ஆலிவ் அளவு, வழக்கமான கணக்கில் 27 மி.லி. பாத்திரத்தை நிரப்பும் அளவு, சில நிமிடங்களுக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். பானமென்றால் முன்சொன்ன 86 மி.லி., இடைவிடாமல் குடித்திருக்க வேண்டும். சூடான காப்பியை அரைமணி நேரம் உறிஞ்சிக் குடித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை நீட்டினால் அது மறதியில்லை. வாங்கிக் கழுவி வைத்துவிடுங்கள்.